இருபத்தேழு கால்கள்

ஞாயிறு, காலை பதினொன்று.
மோன்டெவிடியோவில் மழை விட்டும் விடாமலும்.
எங்கள் ஓவியக்கூடத்து வாசலில்
முதலில் பறிமுதலாவது வெந்நீர்க் குடுவைகள்தான்.
இந்த ஊர்க்காரர்கள் அக்குளில் அதை இடுக்கியபடியே
வங்கிக்கும் போவார்கள், கல்யாணத்துக்கும் போவார்கள்.
மாத்தே இல்லாமல் ஒரு மணி நேரமா என்று
மில்டன் கொடுத்த எண் வில்லையை
வெறித்து நிற்கிறார் ஒரு அப்பா.
அலமாரியில் பத்தொன்பது குடுவைகள்,
படம் எடுக்க நிறுத்திய குடும்பம்போல.

குடுவை போன பெரியவர்களுக்குக்
கையை எங்கே வைப்பதென்று தெரியாது.
பிள்ளைகளுக்குத் தெரியும்:
சுவரில், கண்ணாடியில், தங்கையின் தலைமுடியில்.
"கை பின்னால்," என்கிறேன். "பென்குவின் மாதிரி."
பதினான்கு பென்குவின்கள் தள்ளாடி வருகின்றன.
ஒன்றுக்கு மூக்கு ஒழுகுகிறது.

பதினோரு வருடமாக இதே பாதை.
முதல் அறையில் எலுமிச்சம்பழங்கள்
(புளிக்குமா? புளிக்கும்!).
இரண்டாவதில் கறுப்பு உடைச் சீமாட்டி
(கோபமா, பசியா? பசி!).
மூன்றாவதில் போர்.
எங்கே நிற்பேன், எங்கே சிரிப்பேன்,
எந்த வாக்கியத்தில் குரல் தாழ்த்துவேன் என்பதெல்லாம்
மூலை நாற்காலிக் காவலர் நீல்தாவுக்கு மனப்பாடம்.
நான் பேசும்போது அவள் உதடு அசையும்.

போர் ஆறு மீட்டர் அகலம்.
புகை, ஈட்டி, கிழிந்த கொடி, ஏழு குதிரைகள்.
வரைந்தவர், ஆண்டு, வெற்றி யாருக்கு,
எல்லாம் சொல்லி முடித்து
"கேள்விகள்?" என்றேன்,
அடுத்த அறைப் பக்கம் ஏற்கெனவே திரும்பியபடி.

தரையில் குப்புறப் படுத்திருந்த லுவானா,
ஆறு வயது, முன்பல் இல்லை,
"இருபத்தேழு," என்றாள்.
என்ன இருபத்தேழு?
"கால்."

நாலேழு இருபத்தெட்டு. வாய்ப்பாடு பொய் சொல்லாது.
நான் எண்ணினேன். பென்குவின்கள் எண்ணின.
வில்லையை மறந்து அந்த அப்பாவும் எண்ணினார்,
விரலால், காற்றில்,
சந்தைக்கு மாடு பிடிக்க வந்தவர்போல.
இருபத்தேழு.
மறுபடி, வலப்பக்கமிருந்து.
இருபத்தேழு.
கணக்கு உதைத்தது,
இல்லாத காலால்.

"மேளத்துக்குப் பின்னாடி இருக்கு."
"சேத்துல புதைஞ்சிருக்கு."
"அவருக்குப் பசிச்சிருச்சு, சாப்பிட்டு வந்து
வரையலாம்னு போயிட்டாரு."
"அப்போ அது முக்கால் குதிரை," என்றான் பஸ்தியான்,
பள்ளியில் பின்னம் நடக்கிறது போலும்.
ஒருகால் புகைக்குள் இருக்கலாம் என்றேன் நான்.
"குண்டு," என்றான் ஒரு பையன்.
அதுவரை பேசாதவன்.
அதற்குப் பிறகும் பேசாதவன்.

கொஞ்ச நேரம் யாரும் எண்ணவில்லை.

அந்தப் புகையை இத்தனை வருடமும்
"துணிச்சலான வெண்மை" என்று சொல்லிவந்திருக்கிறேன்.
அதற்குள் ஒன்று நொண்டிக்கொண்டு நின்றிருக்கிறது,
நான் வெற்றி யாருக்கென்று விளக்கிய
ஒவ்வொரு ஞாயிறும்.

நான்காம் அறைக்கு நாங்கள் போகவில்லை.
ஐந்தாவதுக்கும்.
(அங்கே தேவதைகள் இருக்கிறார்கள்.
இறக்கைகளை நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது.)

லுவானாவின் அம்மா வந்து மன்னிப்புக் கேட்டாள்:
"வீட்டிலயும் இப்படித்தான்.
இருபத்தொன்பதாம் தேதி ஞோக்கியைக்கூட
எண்ணித்தான் விழுங்குவா."
என்ன சொல்வதென்று தெரியாமல்
நானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

குடுவைகள் ஒவ்வொன்றாக அக்குளுக்குத் திரும்பின.
ஒன்று மட்டும் ஆளில்லாமல் நின்றது.
மில்டன் தேடிப்போனான்.
மூன்றாம் அறையில் அந்த அப்பா,
இந்த முறை கீழிருந்து மேலாக.

மாலை, மூடும் நேரம்.
விளக்கு விசையில் ஒரு கை வைத்தபடி
நீல்தா படத்தைப் பார்த்தாள்.
உதடு அசைந்தது.
பதினோரு வருடத்தில் முதல் முறையாக
என் சொற்கள் இல்லாமல்.

"இருபத்தெட்டு," என்றாள்.

எங்கே, எங்கே என்று ஓடினேன்.

"கேள்விகள்?" என்றாள், அப்படியே என் குரலில்,
விளக்கை அணைத்தாள்.